ஆற்றுப்படையில் நகரமும் வழியும்: தகடூர் நாட்டு நோக்கு

பல நாடுகளைக் கடந்து பழம்பெரு நகரங்களைக் கண்டு மீள விரும்புவோன் முதற்கண் செய்வது நகரங்களின் பெயர்களை வரிசையாக எழுதிக்கொள்வதே. எந்நகரைச் சேர்ப்பது, எதனை விடுப்பது, எதன்பின் எதனை வைப்பது என்னும் முடிவுகள் எல்லாம் அவ்வரிசையிலேயே அமைந்துவிடுகின்றன. வழி பின்னர் வருவது. ஆதலின் நகர வரிசை என்பது எழுதுவோனது மதிப்பீடேயன்றி நிலத்தின் இயல்பு அன்று. இவ்வேறுபாட்டை நன்குணர்ந்து, இரண்டனையும் ஒரே பாட்டுள் அடுத்தடுத்து வைத்துக் காட்டியவர் இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார். ஓய்மான் நாட்டு நல்லியக்கோடன்மேல் அவர் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளை உடையது. அதனுள் இரு பயணங்கள் உள்ளன. ஒன்று மூவேந்தர் நாடுகளிலும் உள்ள தலைநகரங்களைச் சொல்லளவில் சுற்றி வருவது. மற்றொன்று கால்நடையாகச் செல்வது. இவ்விரண்டினுக்கும் இடையேயுள்ள உறவு இதுகாறும் போதிய அளவு ஆராயப்படவில்லை என்பது எம் கருத்து.

இவ்வாராய்ச்சி ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் நின்று செய்யப்படுகின்றது. அதற்குக் காரணம் உண்டு. பழைய தகடூர் நாட்டின் வடபால் அமைந்த இந்நிலம் இன்று கருநாடக எல்லையில் தொழிற்சாலைகள் நிறைந்து விளங்குகின்றது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் வழங்குகின்றன. அகப்பாடல்கள் மொழிபெயர் தேயம் எனக் கூறும் நிலத்தின் வாயில் இதுவாகும். பெங்களூரிலிருந்து வரும் நெடுஞ்சாலை ஓசூரைக் கடந்து கிருஷ்ணகிரியை அடைந்ததும் முக்கவராகப் பிரிகின்றது. ஒன்று வேலூர் வழியே காஞ்சிப் பக்கம் செல்லும். ஒன்று தருமபுரி, சேலம், நாமக்கல், கரூர் வழியே மதுரைக்குச் செல்லும். மற்றொன்று ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி வழியே திண்டிவனம் செல்லும். பத்துப்பாட்டைக் கற்றார்க்கு இவ்வூர்ப் பெயர்களுட் சில வெறும் பெயர்கள் அல்ல. ஆயினும் இவ்வட்டாரம் எல்லாரும் கடந்து செல்லும் இடமாக உள்ளதேயன்றி, சென்று சேரும் இடமாக எண்ணப்படுவதில்லை. இலக்கியச் சுற்றுலாத் திட்டம் வகுக்கும் மாணவரும் மதுரை, உறையூர், வஞ்சி, புகார், காஞ்சி என்றே தொடங்குவர். அவ்வரிசை எங்கிருந்து வந்தது?

சிறுபாணனிடத்தே மீள்வோம். விறலியரை வருணித்து முடித்த புலவர் வஞ்சியை முதலில் கூறுகின்றார். பலாவின் நிழலில் மஞ்சளின் மெல்லிலை முதுகைத் தடவ எருமை உறங்கும் நாடு குட்டுவனுடையது. அவனது வஞ்சியும் நல்லியக்கோடனை நோக்கச் சிறிதே என்கின்றார். அடுத்து, உமணர் சிறுவரோடு மந்தி முத்திட்ட கிளிஞ்சிலை ஆட்டி விளையாடும் கொற்கையைக் காட்டி, தமிழால் நிலைபெற்ற மதுரையைக் கூறி, அதுவும் சிறிதே என்கின்றார். மூன்றாவதாகத் தாமரைப் பொய்கையும் தும்பியின் இசையும் காட்டி உறந்தையும் அவ்வாறே என முடிக்கின்றார். மூன்று நாடு, மூன்று நகர், மூன்று முறை ஒரே முடிபு.

பாட்டுடைத் தலைவனை உயர்த்துவதற்கே வேந்தர் நகரங்கள் தாழ்த்திக் கூறப்பட்டன என்று உரைப்பது எளிது. அது பொய்யும் அன்று. ஆயின் அவ்வளவே கருத்தாயின் எருமையும் மந்தியும் தும்பியும் எதற்கு? நகரத்தைத் தாழ்த்த நினைத்த புலவர் நகரத்துள் ஒரு தெருவையேனும் காட்டவில்லை. கோயில் இல்லை, கடைவீதி இல்லை, அரண்மனை இல்லை. நாட்டின் ஒரு மூலையைக் காட்டி நகரத்தின் பெயரை மட்டும் சொல்லி நகர்கின்றார். வஞ்சியிலிருந்து கொற்கைக்கு எவ்வழி, மதுரையிலிருந்து உறந்தைக்கு எத்தனை நாள் என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. கொற்கைப் பகுதியில் உமணர் வருகின்றனர். வண்டியோடு நாடெல்லாம் திரியும் அவர்தாம் வழி அறிந்தவர். அவரும் ஈண்டு வழி கூற வந்தாரல்லர்; அவர்தம் பிள்ளைகள் விளையாடுகின்றனர், அவ்வளவே. இப்பகுதி வழியின்மையையே தன் இயல்பாகக் கொண்டது. நகரங்கள் பெயராகவும் புகழாகவும் நிற்கின்றன. எவரும் அவற்றை நோக்கி நடக்கவில்லை.

இங்கு ஒரு முறையியல் எச்சரிக்கை வேண்டும். வஞ்சி கரூரே என நாட்டிய ரா. இராகவையங்கார் முதலியோரும், மேலைக் கடற்கரையே என நாட்டியோரும் சங்கப் பாடல்களிலிருந்து சான்றுகளைத் திரட்டி வாதிட்டனர். அவ்வழக்கினுள் ஈண்டுப் புகவில்லை. மிளகும் பலாவும் உண்மையின் மேற்கே என்றும், பிறவாறும் இச்சிறுபாணன் அடிகளைக் கொண்டு வாதிடுவோர், இப்பகுதி இடம் காட்ட எழுந்ததன்று என்பதை மறந்தவராவர். குட்டுவன் நாட்டின் வளத்திற்கு ஓர் ஓவியம் தரப்பட்டுள்ளது. தலைநகர் எத்திசையில் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது தரப்படவில்லை. வழி கூறாத பாடற்பகுதியை நிலநூற் சான்றாக்குதல் பொருந்தாது.

மூன்று நகரை அடுத்து ஏழு வள்ளல்கள் வருகின்றனர்: பேகன், பாரி, காரி, ஆய், அதிகன், நள்ளி, ஓரி. எழுவரும் சுமந்த ஈகையின் நுகத்தை இன்று நல்லியக்கோடன் ஒருவனே சுமக்கின்றான் என்கின்றார் புலவர். எழுவரும் இறந்த காலத்தவர். அவர்களுள் ஐந்தாமவன் தகடூர் அதிகன். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவன். அவன் ஊர்ப்பெயர் கூறப்படவில்லை. நகரங்கள் கூறப்பட்ட இடத்தில் அவன் இல்லை. அவன் கூறப்பட்ட இடத்தில் நகர் இல்லை. இதனை நினைவிற் கொள்க, மீண்டும் வருவோம்.

அடுத்து நிகழ்வதே இப்பாட்டின் உயிர்நிலை எனக் கருதுகின்றேன். வழி கூறத் தொடங்குமுன் புலவர் தன்னை ஆற்றுப்படுத்தும் பாணனது அடுக்களையைக் காட்டுகின்றார். கூரை சிதைந்து காளான் பூத்த அவ்விடத்தில் ஈன்ற நாய் படுத்திருக்கின்றது. கண் திறவாத குட்டிகள் பாலின்மையால் அதனை வருத்துகின்றன. குப்பையிற் பறித்த கீரையை உப்பின்றி வேகவைத்து, அறியாதார் காண்பரே என நாணிக் கதவடைத்துச் சுற்றத்தோடு உண்ட வறுமை அது. நகர வரிசைக்கும் நடைவழிக்கும் நடுவே இவ்வடுக்களை நிற்கின்றது. பசித்தவனுக்கு வஞ்சியும் மதுரையும் உறந்தையும் எவ்வளவு பயன்படும் என்னும் வினாவைப் புலவர் சொல்லாமலே எழுப்பிவிடுகின்றார். அதன்பின்னரே வழி பிறக்கின்றது.

அவ்வழி முற்றிலும் வேறு வகையினது. நெய்தல் நிலத்து எயிற்பட்டினத்தில் பரதவர் பழந்தேறலும் சுட்ட குழல்மீனும் தருவர். முல்லை சார்ந்த வேலூரில் எயிற்றியர் ஆக்கிய புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும் கிட்டும். மருத நிலத்து ஆமூரில் உழவன் மனையாள் தடுத்து நிறுத்தி வெண்சோற்றை நண்டின் கலவையோடு இடுவாள். அதற்குப் பின்னரே நல்லியக்கோடனது நகர். பொருநரும் புலவரும் அந்தணரும் வரின் அடையாத வாயில். ஒவ்வோர் ஊரும் நிலத்தாலும் மக்களாலும் உணவாலும் அறியப்படுகின்றது. எந்த நாளில் எங்குத் தங்கலாம், யார் சோறிடுவார் என்பதே திட்டம். கற்கோயிலும் மதிலும் அதில் இடம்பெறவில்லை. இடும் கை இடம்பெறுகின்றது.

பிறநாட்டு வழிநூல்களோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். உரோமப் பேரரசின் அந்தோனைன் வழிநூல் தங்கிடங்களின் பெயரையும் அவற்றிடையே உள்ள கல்தொலைவையும் தருவது. அங்கு மனிதர் எவரும் இல்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பௌசானியாசு கிரேக்க நாட்டைப் பற்றிப் பத்துப் பகுதிகளில் எழுதிய நூல், ஊர்தோறும் உள்ள கோயில், சிலை, கல்லறை, பழங்கதை ஆகியவற்றை நிரல்பட உரைப்பது. காண வேண்டியவை அனைத்தும் அங்குள்ளன, உண்ண வேண்டியவை அரியன. தொலைவைக் கணக்கிடுவது ஒரு முறை. காட்சியைக் கணக்கிடுவது மற்றொரு முறை. நத்தத்தனார் கணக்கிட்டது விருந்தை. இது குறைபாடு என்பாரும் உளர். அவர் கல்தொலைவு கூறியிருந்தால் எயிற்பட்டினமும் வேலூரும் எங்குள்ளன என்பதில் ஐயம் குறைந்திருக்கும் என்பது உண்மையே. ஆயின் உமணரிடம் கேட்டால் அறியத்தக்க தொலைவைப் பாணனிடம் கேட்பது முறையன்று.

வழியைத் தேர்ந்தெடுத்தல் என்னும் பொருளைத் தமிழில் மிக விரித்துக் கூறும் இடம் சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதை. மூன்று நாட்டுத் தலைநகரங்களையும் மூன்று காண்டங்களாக்கிய அக்காப்பியத்தில், மதுரை நோக்கிய வழி கொடும்பையில் சிவபெருமானது சூலம்போல் முக்கவராகப் பிரிகின்றது. மாங்காட்டு மறையோன் வலவழி, இடவழி, இடைவழி மூன்றினையும் விரித்துரைக்கின்றான். வலப்பக்கத்தே சிறுமலை, இடப்பக்கத்தே திருமாலிருஞ்சோலையும், மூழ்கினார்க்குப் பயன்தரும் மூன்று பொய்கைகளும், இடைவழியில் மயக்கும் கானுறை தெய்வம். ஒரு வழியின் இடரையும் பயனையும் முன்கூட்டி எடையிட்டுச் சொல்லும் இப்பகுதி உண்மையான பயணத் திட்டம். கவுந்தியடிகள் அப்பொய்கைகளின் பயனை வேண்டாமென மறுத்துவிடுகின்றார். பயன் நோக்கி வழி தேரும் மறையோனும், பயனை மறுத்து வழிச்செல்லும் கவுந்தியும் எதிரெதிர் நிற்கின்றனர். இளங்கோவடிகள் எவர் பக்கம் என்பதை ஈண்டு முடிவு செய்ய வேண்டுவதில்லை. வழித்தேர்வு ஒருவனது உள்ளத்தைக் காட்டிவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார் என்பது போதும்.

இனித் தகடூருக்கு வருவோம். மூவேந்தர், மூன்று நாடு, மூன்று நகர் என்னும் எண் தமிழ் மரபில் வேரூன்றியது. ஆயின் அசோகனது இரண்டாம் பாறைக் கல்வெட்டு தென்னாட்டு அரசுகளைக் கூறுங்கால் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் என்பாரோடு சத்தியபுத்திரர் என்பாரையும் ஒக்க வைத்து எண்ணுகின்றது. சத்தியபுத்திரர் யார் என்பது நெடுநாள் வழக்காக இருந்தது. 1981-இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சியைச் சதியபுதோ எனக் குறித்து, அவன் பள்ளி அளித்த செய்தியைக் கூறி அவ்வழக்கைத் தீர்த்தது. வெளியே நின்று எண்ணிய வேந்தன் நான்கு என எண்ணினான். உள்ளே நின்று பாடிய மரபு மூன்று என எண்ணி நான்காவதனை வள்ளல் வரிசையில் வைத்தது. நகர வரிசை மதிப்பீடே என முன்னர்க் கூறியதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

அதியனை நோக்கி வழிகாட்டும் நெடும்பாட்டு இல்லை எனினும் குறும்பாட்டு ஒன்று உண்டு. புறநானூற்று 103-ஆம் பாட்டு, ஔவையார் பாடிய விறலியாற்றுப்படை. சுரத்திடையே இசைக்கருவிகளோடு இருந்து யார் நம்மைப் புரப்பார் என வருந்தும் விறலிக்கு அவன் தொலைவில் இல்லை எனக் கூறுகின்றார். ஆயின் எங்குள்ளான்? தகடூரில் அல்லன், பகைவர் நிலத்தில் உள்ளான். எரியூட்டப்பட்ட முனையிலிருந்து எழும் புகையே அவன் இருப்பிடத்துக்கு அடையாளம். ஆற்றுப்படை இலக்கியம் முழுவதிலும் இத்தகைய வழிக்குறிப்பு வேறு காண்டல் அரிது. நகரை நோக்கி அனுப்பாமல், நகரை விட்டு நீங்கிய தலைவனை நோக்கி அனுப்பும் ஆற்றுப்படை இது. அங்கும் சோறு உண்டு, உலகம் வறங்கூர்ந்த காலத்தும் ஊன் உண்டு என்கின்றார் ஔவையார். புகையையும் சோற்றையும் ஒரே பாட்டில் வைக்க அஞ்சாதவர் அவர்.

தகடூரைச் சார்ந்த பிற பாடல்களும் இவ்வியல்பினவே. 95-ஆம் பாட்டில் ஔவையார் தூதாகச் சென்று தொண்டைமானது படைக்கலக் கொட்டிலில் நிற்கின்றார். அவன் வேல்கள் பீலி அணிந்து மாலை சூட்டப்பெற்றுக் காவல்மிக்க மனையில் உள்ளன, அதியனுடையவையோ முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் உள்ளன. தகடூரிலிருந்து புறப்பட்டவர் எவ்வழிச் சென்றார் என்பதைப் பாட்டுக் கூறவில்லை. (கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022-இல் அறிவிக்கப்பட்டது. அக்கொல்லனின் முன்னோர் எத்துணைப் பழையர் என்பதை எண்ணுக.) 208-ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார் குன்றும் மலையும் பல கடந்து அதியனிடம் வருகின்றார். அவன் தன்னைக் காணாமலே பரிசில் கொடுத்தனுப்ப, தாம் வாணிகப் பரிசிலர் அல்லர் என மறுத்துவிடுகின்றார். சிறிதாயினும் கண்டு கொடுத்தலே வேண்டும் என்பது அவர் கருத்து. நெடுவழி நடந்து வந்தவன் வேண்டுவது பொருளை அன்று, எதிர்கொள்ளும் முகத்தை என்பதை இதனினும் கூர்மையாகச் சொல்ல இயலாது. தகடூர்ப் பாடல்களில் வருகை உண்டு, வாயில் உண்டு, தலைவனது முகம் உண்டு. வழி மட்டும் இல்லை.

யாத்திரை என்னும் சொல்லையே பெயரிற் கொண்ட தகடூர் யாத்திரை நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றி எறிந்த போரைப் பற்றிய அந்நூலின் சில பாட்டுக்களைப் புறத்திரட்டும் தொல்காப்பிய உரையும் காத்துத் தந்தன. அங்கும் யாத்திரை என்பது படைச்செலவே. இந்நாட்டை நோக்கி ஒரு புலவன் எழுதிய பயண நூல் படையெடுப்பின் நூலாயிற்று, அதுவும் இறந்துபட்டது. வழிவந்தோர்க்கெல்லாம் சோறிட்ட ஊருக்கு வந்த கடைசி விருந்து அப்படை.

ஆயினும் அண்டை நாட்டின் வழி நமக்குக் கிடைத்துள்ளது. செங்கண்மாத்து நன்னன் சேய் நன்னன்மேல் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. ஆற்றுப்படைகளுள் மிக நீண்டது. செங்கண்மா இன்றைய செங்கம். கிருஷ்ணகிரியிலிருந்து கிழக்கே மலைகளினூடே செல்லும் சாலையில் உள்ளது. நிலம் கற்றவன் எழுதிய வழி இது. பன்றிக்கு வைத்த பொறிகளைப் பார்த்து நடமின், புனங்காப்போர் எறியும் கவண்கற்களுக்கு மரத்தின் மறைவில் ஒதுங்குமின், பாம்புறையும் குழிகளை அறிந்து செல்மின் என அவர் கூறும் எச்சரிக்கைகள் எந்தக் காட்டிற்கும் பொருந்தும் பொதுமொழிகள் அல்ல. வழி பிரியும் இடத்தில் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுமாறு கூறுவது இப்பாட்டின் மிக மென்மையான இடம். பின்வரும் அறியாதான் வழி தவறலாகாது என்பதே நோக்கம். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே இப்புல்முடிச்சுத்தான் எனலாம். வழியில் நடுகற்கள் மிகுதி. அவற்றை இசையால் வாழ்த்திச் செல்லுமாறும் கூறுகின்றார். செங்கத்தைச் சூழ்ந்தும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளிலும் பிற்கால நடுகற்கள் எண்ணிறந்தன கிடைத்திருத்தலைக் கல்வெட்டியலார் அறிவர். சங்கப் பாட்டின் வழியடையாளம் ஒன்று பல நூற்றாண்டு கழிந்தும் அந்நிலத்திலேயே தொடர்ந்து நடப்பட்டு வந்தமை வியத்தற்குரியது.

செங்கத்தைக் கடந்து அதே சாலையிற் சென்றால் திண்டிவனம். அதனை அடுத்தது நல்லியக்கோடனது கிடங்கில். ஆகவே கிருஷ்ணகிரியிலிருந்து பிரியும் ஒரே சாலையில் இரண்டு ஆற்றுப்படைகளின் முடிவிடங்கள் உள்ளன. பெரும்பாணாற்றுப்படையின் முடிவிடமான காஞ்சியோ மற்றொரு சாலையை அடுத்துள்ளது. ஓசூர்ப் பகுதி மாணவரைப் பழநகர்ச் செலவிற்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் ஒன்றைக் கருத வேண்டும். நேரே திண்டிவனம் நோக்கிச் சென்றால் சிறுபாணனைப் பின்னிருந்து முன்னாகப் படித்தவராவர். கிடங்கில் முதலிலும் கடற்கரை இறுதியிலும் வரும். பசித்தவன் வாயிலை அடையும் அந்த வளர்ச்சி கெட்டுவிடும். முதலில் காஞ்சிக்குச் சென்று பெரும்பாணனைப் படித்து, கிழக்கே கடற்கரைக்கு இறங்கி, நெய்தலிலிருந்து மருதம் ஏறிக் கிடங்கிலை அடைந்து, மேற்கே செஞ்சியும் திருவண்ணாமலையும் கடந்து செங்கத்தில் மலைபடுகடாம் படித்து, நடுகற்களைக் கண்டு, ஊத்தங்கரை வழியே கிருஷ்ணகிரிக்கு மீள்வதே பாட்டின் நடைக்கு ஒத்தது. விரும்புவோர் தெற்கே திரும்பித் தருமபுரியில் ஒரு நாள் தங்கி ஔவையாரின் பாடல்களைப் படிக்கலாம். அவற்றுக்கு வழி வேண்டுவதில்லை. இச்சுற்றில் வஞ்சியும் இல்லை, மதுரையும் இல்லை, உறந்தையும் இல்லை.